மூச்சு சீரானதும் இன்ஹேலரை நிறுத்தலாமா? உடம்புக்குள்ள நடக்கிறது இதுதான்!

பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் உள்ள நெய்வேலியில், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு தூசு, புகை என்றாலே பயம்தான். ஆனா அலர்ஜி ஆஸ்துமா தொடங்கும் இடம் நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம்.

படுக்கையில் இருக்கும் தூசு உண்ணி, கரப்பான் எச்சம் போன்றவற்றை எதிரி என நினைத்து, எதிர்ப்பு செல்கள் 'இன்டர்லூகின்' எனும் ரசாயன சிக்னல்களை அனுப்பும்.

• இன்டர்லூகின்-4: அலர்ஜிக்கான ஐஜிஇ ஆன்டிபாடியை உருவாக்கத் தூண்டும்.
• இன்டர்லூகின்-5: ஈசினோபில் எனும் வெள்ளையணுக்களைப் பெருக்கும்.
• இன்டர்லூகின்-13: சளியை அதிகமாக்கும்.

விளைவு? மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். தூசும் புகையும் அதை இன்னும் மோசமாக்கும்.

சால்பூட்டமால் இன்ஹேலர் குழாயை விரிக்கும், அவ்வளவுதான். வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். சால்பூட்டமால் மட்டும் போதாது என சர்வதேச ஆஸ்துமா அமைப்பான ஜீனா 2019-லேயே அறிவுறுத்தியது. மூச்சு சீரானாலும் உள்ளே வீக்கம் இருக்கலாம். அதனால டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க!