காசியில் பிறந்தார்... இங்கிலீஷில் பாமாலை எழுதினார்! யார் இந்த எல்லன் லட்சுமி?

சர்ச்சில் பாடும் பாமாலைகளில் பல, 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்கள் எழுதியவை. சார்லட் எலியட், பிரான்செஸ் ரிட்லி ஹேவர்கல் என்று ஒரு வரிசையே உண்டு. அதே காலத்தில் இங்கிலீஷில் எழுதி, அவர்களைப் போலவே பாடப்பட்ட ஒருவர் வெள்ளைக்காரர் இல்லை. காசியில் பிறந்த மராத்தி பிராமணக் குடும்பத்துப் பெண், எல்லன் லட்சுமி கோரே.

1853 செப்டம்பரில் பிறந்தார். அப்பா நீலகண்ட கோரே பெரிய சாஸ்திர பண்டிதர். கிறிஸ்தவத்தை எதிர்த்து சம்ஸ்கிருதத்தில் நூலே எழுதியவர், 1848-ல் அதே மதத்தில் சேர்ந்தார்! எல்லன் பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா லட்சுமிபாய் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கோடு அப்பா இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

கைக்குழந்தையை எடுத்து வளர்த்தது ஸ்மெய்ல்ஸ் என்ற அவுரித் தோட்டக்காரர் குடும்பம். ஏற்காடு, வெள்ளக்கடை மலைக்காரர்களுக்கு காபி எஸ்டேட் துரைமார் கதை பழக்கம்தானே? வடக்கே அவுரி துரைமார். 1857 கலகத்தில் ஸ்மெய்ல்ஸ் எல்லாவற்றையும் இழந்தார். அடுத்து, ஸ்டார்ஸ் என்ற பாதிரியார் எல்லனைத் தத்தெடுத்து, 1865-ல் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்.

படிப்பு, வளர்ப்பு எல்லாம் அங்கேதான். 1880-ல் பிறந்த மண்ணுக்குத் திரும்பியபோது, அவர் ஒரு மிஷனரி.

1883-ல் லண்டனில் வெளியான அவருடைய பாடல் தொகுப்பின் பெயர், 'இந்தியாவின் பவளக் கரையிலிருந்து'. காசியில் கங்கைக் கரைதான் உண்டு, பவளம் ஏது? அது பிஷப் ஹீபரின் சொல். இந்தியாவைப் பார்க்காமலேயே 1819-ல் ஒரு பாடலில் அப்படி எழுதியவர் அவர். பிறகு பிஷப்பாக இங்கு வந்து, 1826-ல் நம் திருச்சியில் குளிக்கும் தொட்டியில் இறந்துபோனார். காசிக்காரப் பெண்ணின் புத்தகத்துக்கு ஊர் பார்க்காதவர் வைத்த வர்ணனை!

எல்லனின் புகழ்பெற்ற பாடல், கடவுளின் சந்நிதியில் கிடைக்கும் ரகசிய அடைக்கலத்தைப் பற்றியது. அமெரிக்கர் ஜார்ஜ் ஸ்டெபின்ஸ் மெட்டுப் போட, பல நாடுகளுக்குப் போனது. அடுத்தடுத்து மூன்று வீடு மாறிய குழந்தை அடைக்கலத்தைப் பாடியதில் ஆச்சர்யம் இல்லை.

1890-களில் அலகாபாத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்தினார். 1897-ல் டீக்கனஸ் ஆனார். 1937-ல் மறைந்தார்.

பாட்டுப் புத்தகங்களில் அவர் பெயரை முழுசாகப் போடுவதும் உண்டு. கடைசியில் இருப்பது அப்பாவின் குடும்பப் பெயர். நடுவில் இருப்பது, முகம்கூட நினைவில்லாத அம்மாவின் பெயர்.