மூன்று டைரிகளும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஜனவரி பிறந்ததும் டைரி எழுத உட்காரும் சகோதரிகள் ஏராளம். பிப்ரவரியிலும் எழுதுகிறவர்களைத்தான் தேட வேண்டும். என் அலமாரியிலும் மூன்று டைரிகள் இருக்கின்றன. முதலாவதில் ஜனவரி 19 வரை என் எழுத்து. அதற்கப்புறம் பால் கணக்கும், பெரியவன் வரைந்த பஸ் படமும்தான்.

அச்சடித்த டைரி நம்மைப் போன்ற குடும்ப ஸ்திரீகளுக்காகச் செய்ததல்ல என்பது என் அபிப்பிராயம். நாளுக்கு ஒரு பக்கம், தேதியும் போட்டே வருகிறது. விருந்தாளி, குழந்தைக்கு ஜுரம் என்று நாலு நாள் விட்டுப்போனால், அந்த நாலு வெள்ளைப் பக்கமும் நம்மைப் பார்த்து முறைக்கும். அப்புறம் அதைத் திறக்கவே மனசு வராது.

இரண்டாவது டைரி நின்றதற்குக் காரணம் வேறு. "உடம்பு முடியலை. யாரும் என்னன்னு கேக்கலை" என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். அது நாத்தனார் கண்ணில் பட்டது. "அண்ணி கதை எழுதறாங்கடோய்!" என்று கூடத்தில் உரக்க வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். மூன்றாவது, பூட்டுப் போட்ட டைரி. அந்தப் பூட்டே வினையாகிவிட்டது! "அப்படி என்னத்தை ஒளிச்சு வைக்கறே?" என்று ஆளாளுக்குக் கேட்டால் எழுத்து எங்கே ஓடும்?

புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்தபோது அவரிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1736-ல் தொடங்கி 1761-ல் அவர் காலமாகும் வரை எழுதியது. ஆனால் ஒரு நாள்கூட விடாமல் எழுதினதாக நினைக்க வேண்டாம். தொடக்க வருஷங்களில் நிறைய நாட்கள் விட்டுப்போயிருக்கின்றன. கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று பார்த்ததையும் கேட்டதையும் பேச்சுத் தமிழிலேயே எழுதிப் போனார். இன்றைக்குச் சரித்திரக்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவருக்கு விட்டுப்போகலாம் என்றால் நமக்கு என்ன?

நாலாவது முறை டைரியே வாங்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஒரு பென்சில். எழுதுகிற அன்றைக்கு நானே தேதி போடுவேன். ஒரு வரியோ, பத்து வரியோ. அரிசி டப்பா பக்கத்தில், பால் கணக்கு அட்டையோடு சேர்த்து ஆணியில் தொங்கவிட்டேன். கணக்கு நோட்டு என்றால் யாரும் புரட்டமாட்டார்கள் பாருங்கள்!

முதலில் எழுதினதெல்லாம் குழந்தைகளின் உடம்பைப் பற்றித்தான். ஜுரம் எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி, எந்த மருந்து எத்தனை மில்லி, எதைக் கொடுத்ததும் தடிப்பு வந்தது. கைக்குழந்தைக்காரர்கள் தடுப்பூசித் தேதிகளையும் இதில் ஏற்றி வைப்பது நல்லது. 6, 10, 14 வாரங்கள் நினைவிருக்கும். 9 மாதத்துத் தட்டம்மை ஊசியும் ஒன்றரை வயது ஊசிகளும்தான் மறந்துபோகும். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை தொலைந்தாலும் நோட்டு இருக்கும்.

அப்புறம் என் மாதவிலக்குத் தேதியையும் மூலையில் குறித்தேன், வெறும் ஒரு புள்ளியாக. எத்தனை நாள் போக்கு இருந்ததோ அத்தனை புள்ளி. கூடவே, "மாடி ஏறினால் மூச்சு வாங்குது", "காலையிலேயே அசதி" என்று அங்கங்கே ஒரு வரி. கூடத்தில் சிரித்தார்களே, அதே மாதிரி வரிகள்தான்.

43 வயதில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். ஆறு மாதப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தார். "ஒன்பது நாள், பத்து நாள் போயிருக்கு. இத்தனை நாளா எப்படிம்மா வேலை செஞ்சீங்க?" என்றார். ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. நல்லவேளை, புற்று வகையல்ல. மருந்திலேயே போக்கு கட்டுக்குள் வந்தது. (இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு விழுங்காதீர்கள்; சத்து உடம்பில் சேராது.) "வயசாகுது, அப்படித்தான் இருக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. மாதவிலக்கு முழுதாக ஒரு வருஷம் நின்ற பிறகு துளி ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மனசுக்கும் எழுத்து மருந்தா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1986-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிஷம், நாலே நாள் எழுத வைத்தார். தங்களை உலுக்கிய சம்பவத்தையும் அதில் தாங்கள் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் வைத்தியத்துக்குப் போனது குறைந்தது. எழுதின கையோடு மனசு கனக்கத்தான் செய்ததாம். பின்னால் பலர் செய்த ஆராய்ச்சிகளில் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கவில்லை. நாலு நாள்தான் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வருஷம் முழுக்க அழுதுகொண்டே எழுத யாருக்கு நேரம்?

அப்படி எழுதுகிற பக்கங்களை நான் வைத்துக்கொள்வதில்லை. தனித்தாளில் எழுதி, இரண்டு முறை படித்து, பொடிப்பொடியாகக் கிழித்துவிடுவேன். தேதியும் புள்ளியும் போட்ட நோட்டுதான் பத்திரம். இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு.