பந்தயத் தடத்துக்குப் போகும் காரும் நம் கடை சைலன்சரும்

பூரணாங்குப்பம், தவளக்குப்பம் பக்கம் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அங்கத்தினர்களிடம் ஓர் இளைஞர் வந்து, "இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறேன், நல்ல சத்தமான சைலன்சராகக் கொடுங்கள்" என்று கேட்டால் என்ன சொல்வது?

1990-இல் திறக்கப்பட்ட அந்தப் பந்தயத் தடத்தில் கார் ஓட்டிப் பார்க்கும் ஆசை தவறல்ல. ஆனால் போகிற வழியெல்லாம் பொதுச்சாலை. அங்கே ஒலி விதியை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். லைசென்சும் மூன்று மாதம் செல்லாது.

தடத்துக்குள் என்றால் சத்தத்துக்குக் கணக்கே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் வண்டியை நிறுத்திவைத்து, புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைத்து, எஞ்சினை முக்கால் வேகத்துக்கு முடுக்கி அளக்கிறார்கள். பல தடங்களில் 105 டெசிபலைத் தாண்டினால் அனுமதி இல்லை. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இரட்டிப்பு என்பதால் 'கொஞ்சம்தானே' என்ற பேச்சு எடுபடாது.

சைலன்சருக்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு சூட்டில் கரிந்துபோனால், போன வருடம் தேறிய வண்டி இந்த வருடம் தேறாது. அந்தப் பஞ்சை மாற்றிக் கொடுப்பதும், குழாய் முனையில் செருகும் தடுப்பை விற்பதும் நியாயமான வியாபாரம். வெற்றுக் குழாயைக் கொடுத்துவிட்டு பில்லில் 'பந்தயத்துக்கு மட்டும்' என்று எழுதுவது வேறு சங்கதி. வாங்கியவர் கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பினால் அவருக்கு அபராதம், நமக்குக் கெட்ட பெயர். கம்பெனி சைலன்சரோடு ஓட்டிப்போய், தடத்தில் மாற்றிக்கொள்ளட்டும்.