கிளட்ச் மிதித்து முழங்கால் நோகிறதா?

சேற்றுழவு மும்முரமாக நடக்கும் நாள்களில், டிராக்டர் ஓட்டுபவர்கள் பொழுதுசாய இறங்கும்போது இடது காலை இழுத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். 218 அடி நீளம், 200 அடி அகலமுள்ள ஓர் ஏக்கர் வயலில், 6 அடி அகலம் பிடிக்கும் கருவியை ஒருமுறை ஓட்டினாலே 33 திருப்பம். திருப்பத்துக்கு இரண்டு மிதி என்றால் 66. மூன்று ஏக்கரை இரண்டு சால் ஓட்டினால் 400 மிதி. துண்டு வயல் என்றால் இன்னும் கூடும்.

பிரஷர் பிளேட்டில் உள்ள ஸ்பிரிங், கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. மிதிக்கும் கால் அந்த ஸ்பிரிங்கின் பலத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. இதைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள் பரவலாக உண்டு. ஒன்று, பெடலோடு சேர்ந்த உதவி ஸ்பிரிங். மிதியின் தொடக்கத்தில் அது பெடலை மேலே தள்ளும். பெடல் அச்சின் நேர்கோட்டைத் தாண்டியதும் திசை மாறி, காலோடு சேர்ந்து கீழே இழுக்கும். இன்னொன்று ஹைட்ராலிக். சிறிய பிஸ்டனை மிதிக்க, இரு மடங்கு பரப்புள்ள பிஸ்டன் இரு மடங்கு பலத்தோடு தள்ளும். ஆனால், பாதி தூரம்தான் நகரும். லாரிகளில் இதோடு காற்றழுத்த பூஸ்டரும் சேர்ந்திருக்கும்.

அந்தப் பாதி தூரத்தில்தான் சூட்சுமம். சில ஊர்ப் பட்டறைகளில் பெடலை நீட்டி வெல்டிங் வைத்துத் தருகிறார்கள். மிதி லேசாகும், ஆனால், அதே அளவு மிதித்தால் ரிலீஸ் பேரிங் முன்பு போன தூரம் போகாது. கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் கரகரக்கும். இந்த வேலையைச் செய்யாதிருப்பதே நல்லது.

பழைய டிராக்டரில் மிதி திடீரென்று கனத்திருந்தால், கருவி எதுவும் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்தி, வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பெடலிலிருந்து போகும் லிங்க் ராடையும் திருப்பும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் குற்றம் பெடல் அச்சின் புஷ்ஷில். சேற்றுத் தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருக்கும். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே பாதி வலி போய்விடும். பெடல் லேசாக அசைந்தால் ஃபோர்க், ரிலீஸ் பேரிங், தேய்ந்த கிளட்ச் தட்டு ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். டயாஃப்ரம் ஸ்பிரிங் உள்ள கிளட்ச்சில் தட்டு தேயத் தேய மிதி கனக்கும்.

பெடலின் வெற்று அசைவு பல மாடல்களில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. அசைவே இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் உரசிச் சீக்கிரம் போய்விடும். ஓட்டும்போது பெடல் மேலேயே காலை வைத்திருக்கும் பழக்கமும் அதே கேட்டைத்தான் செய்யும். இருக்கையையும் கவனியுங்கள்: முழுதாக மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். செலவில்லாத இந்த மாற்றத்தைப் பலரும் செய்வதில்லை.

இரட்டை கிளட்ச் டிராக்டரில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுதாக மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். இந்த இரண்டு கட்டங்களையும் கால் உணர்வது பெடலின் எதிர்ப்பை வைத்துத்தான். உதவி ஸ்பிரிங்கை வெளியில் செய்து மாட்டினால் அந்த உணர்வு மாறிவிடலாம். அதனால் கம்பெனி தந்த பாகத்தை மட்டும் பொருத்தி, ஆளில்லாத இடத்தில் ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து, முழு மிதியில் கத்திகள் நிற்கின்றனவா என்று இருக்கையிலிருந்தே பார்த்த பிறகு வயலில் இறங்குங்கள். கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுக்க வேண்டுமானால் கிளட்ச்சை நம்பாமல் இன்ஜினையே நிறுத்துங்கள்.