கண்ணுக்குள் ஓடும் கால் மில்லி நீர்: அதை ஆளும் வித்தைக்குக் காப்புரிமை உண்டு, தெரியுமா?

கண்புரை ஆபரேஷன் நடக்கும்போது கண்ணுக்குள் ஓயாமல் நீர் ஓடிக்கொண்டே இருக்கும், தெரியுமா? கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்கும் முன்னறையில் மொத்தமே சுமார் கால் மில்லி நீர்தான் பிடிக்கும். புரையை மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேகோ இயந்திரம் நிமிடத்துக்கு 30 மில்லி வேகத்தில் உறிஞ்சுகிறது என்று வையுங்கள். அந்த அறையின் நீர் முழுவதும் நொடிக்கு இரண்டு தடவை மாறிவிடுகிறது! நோயாளி விழித்தபடி படுத்திருக்க, கண்ணுக்குள் இத்தனை பெரிய போக்குவரத்து! உள்ளே வருவதும் வெளியே போவதும் கணக்காக இருக்கவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அறை சுருங்கிவிடும்.

இந்தச் சிகிச்சைக்கு வித்திட்டது பல் மருத்துவரின் நாற்காலி என்பது தெரியுமா? நியூயார்க் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல்லில் படிந்த காரையை மீயொலி அதிர்வால் பெயர்த்தெடுக்கும் கருவியைப் பார்த்தார். காரை உடையும் என்றால் புரையும் உடையாதா என்று கேட்டார். 1967-ல் மனிதக் கண்ணில் செய்தும் காட்டினார். அவரும் பொறியாளர் ஆன்டன் பாங்கோவும் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் எண் 3,589,363. நாள் 1971 ஜூன் 29. அதில் அதிரும் ஊசிமுனை மட்டுமா இருக்கிறது? நீரைச் செலுத்தும் வழியும் உறிஞ்சி எடுக்கும் வழியும் சேர்ந்தே இருக்கின்றன. அதிர்கிற முனை சூடாகும், சூட்டைத் தணிக்க நீர் வேண்டும். உடைந்த துணுக்குகளை வெளியே கொண்டுபோகவும் நீர்தான் வேண்டும். ஆக, முதல் நாளிலிருந்தே இது பாதி நீர்ப்பாசனக் கலை!

சரி, இதில் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது! இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் வழுக்கை சிக்கிக்கொள்ளும். இழுத்துக்கொண்டே இருப்போம், சட்டென்று விடுபட்டு மொத்தமும் வாய்க்குள் பாயும். பேகோ ஊசியிலும் அப்படியே நடக்கிறது. முனையில் புரைத்துணுக்கு அடைத்ததும் குழாய்க்குள் வெற்றிடம் ஏறுகிறது, குழாயின் சுவர் லேசாக உள்வாங்குகிறது. அடைப்பு விலகிய கணத்தில் குழாய் பழைய வடிவத்துக்கு மீள்கிறது, முன்னறையின் நீரை ஒரே இழுப்பில் இழுத்துவிடுகிறது. லென்ஸைப் பொதிந்திருக்கும் உறையின் பின்சுவர் முன்னால் எகிறி வந்து ஊசியைத் தொட்டால்? அந்தச் சுவரின் தடிமன், நடுப்பகுதியில், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சுமார் 4 பங்குதான்! அது கிழிந்தால் பின்னாலிருக்கும் கண்ணாடித் திரவம் முன்னே வந்துவிடும், புரைத்துணுக்கு பின்னால் விழுந்துவிடும். இவ்வளவும் ஒரு நொடிக்குள்.

இதைத் தடுக்கப் பொறியாளர்கள் எடுத்த வழிகள் ஒன்றா இரண்டா? உள்வாங்காத விறைப்பான குழாய், அழுத்தத்தை நொடிதோறும் அளக்கும் உணரி, அடைப்பு விலகப்போவதை முன்பே மோப்பம் பிடித்து வெற்றிடத்தைக் குறைக்கும் மென்பொருள்... பழைய முறையில் நீர்ப்புட்டியைக் கம்பியில் உயர்த்தித் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு 15 செ.மீ. உயரத்துக்கும் சுமார் 11 மி.மீ. பாதரச அழுத்தம் கூடும். 2013-ல் அல்கான் நிறுவனம் கொண்டுவந்த சென்சூரியன் இயந்திரத்தில் தொங்கும் புட்டியே தேவையில்லை. நீர்ப்பையை இரண்டு தகடுகள் அழுத்துகின்றன, கண்ணுக்குள் எத்தனை அழுத்தம் வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறாரோ அதை இயந்திரம் தானே காக்கப் பார்க்கிறது.

இனிதான் சட்டத்தின் அதிசயம்! நீர் அழுத்தத்தின் விதி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த விதியை வைத்துக் கட்டிய கருவி புதியதாக இருந்து, துறை தெரிந்தவருக்கே சட்டென்று தோன்றாததாகவும் இருந்தால் காப்புரிமை கிடைக்கும். அப்படியானால் மருத்துவரின் கைவித்தைக்கு?

அமெரிக்காவில் அதற்கும் கொடுத்தார்கள், தெரியுமா! தையலே தேவைப்படாதபடி தானே மூடிக்கொள்ளும் ஒரு கண்புரைக் கீறலுக்கு, சாமுவேல் பாலின் என்ற மருத்துவர் 1992 ஜனவரியில் காப்புரிமை பெற்றார். அந்தக் கீறலைப் போட்டதாக ஜாக் சிங்கர் என்ற சக மருத்துவர்மேல் வழக்கும் தொடுத்தார். கத்தி பிடிக்கும் விதத்துக்கு ஒரு மருத்துவர் இன்னொருவருக்குக் கட்டணம் கட்டுவதா என்று மருத்துவ உலகமே கொதித்தது. கொதித்தது நியாயம்தான். 1996-ல் வெர்மான்ட் நீதிமன்றத்தில் அந்த உரிமைக்கோரல்கள் செல்லாதவையாயின. அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. சிகிச்சை முறைக்காக மட்டும் மருத்துவர்மேல் காப்புரிமை வழக்கில் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் காப்புரிமை பெற்ற இயந்திரத்தைத் திருட்டுத்தனமாகச் செய்து பயன்படுத்தினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது!

ஐரோப்பாவில் அறுவை சிகிச்சை முறைக்குக் காப்புரிமையே இல்லை, அதற்கான கருவிக்கு உண்டு. எல்லைக்கோடு எங்கே? உடலுக்குள் பதித்த மருந்துக் கருவியில் திரவ ஓட்டத்தை அளக்கும் முறையை 1987-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியம் அனுமதித்தது. அளப்பதால் மட்டும் நோய் குணமாவதில்லை என்பது காரணம். இதய பேஸ்மேக்கரை இயக்கும் முறையை 1995-ல் மறுத்தது. அந்த இயக்கமே சிகிச்சை! அதனால்தான் விவரமறிந்தவர்கள் ‘கண்ணுக்குள் அழுத்தத்தைக் காக்கும் முறை’ என்று எழுதாமல், ‘அழுத்தத்தைக் காக்கும்படி அமைக்கப்பட்ட பம்பும் கட்டுப்பாட்டகமும்’ என்று விண்ணப்பிக்கிறார்கள். நம் இந்தியச் சட்டத்திலும் பிரிவு 3(i) அறுவை சிகிச்சை முறையை விலக்குகிறது. பிரிவு 3(k) வெறும் கணினி நிரலை விலக்குகிறது. நீரோட்டத்தை ஆளும் நிரலைக் கொண்டுவருபவர் இந்த இரண்டு வாசல்களையும் தாண்டவேண்டும்.

இந்தக் கால் மில்லி நீருக்காக எவ்வளவு பணம் கைமாறியது தெரியுமா? பேகோ இயந்திரங்களின் நீர்க்கட்டுப்பாடு குறித்து அட்வான்ஸ்டு மெடிக்கல் ஆப்டிக்ஸ் நிறுவனம் அல்கான்மேல் வழக்குப் போட்டது. 2006-ல் 12 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து அல்கான் சமரசம் செய்துகொண்டது! காப்புரிமையின் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அன்று சண்டைக்குக் காரணமான உரிமைகளின் காலம் முடிந்துவிட்டது. அந்த ஏற்பாடுகளை இன்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்து, அதேபோல் செய்துகொள்ளலாம்.