ஈரக்காற்றில் பழைய கார் ஏன் மக்கர் செய்கிறது?

ஐப்பசி அடைமழையில், ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இரவெல்லாம் வெளியே நின்ற பழைய பெட்ரோல் அம்பாசடர் காலையில் அடம்பிடிக்கும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பேட்டரி மேல் பழி போட வேண்டாம்.

12 வோல்ட்டை இக்னிஷன் காயில் சுமார் 20,000 வோல்ட்டாக உயர்த்துகிறது. அது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வழியாக ஸ்பார்க் பிளக்குக்குப் போக வேண்டும். மூடியில் படிந்த தூசி ஈரமானால், மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டாமல் அந்த ஈரப் படலத்திலேயே கசிந்துவிடும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தூசியின் உப்பு கரைவதுதான் வினை.

சாவியை அணைத்து, மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே பென்சில் கோடுபோல் கருப்பு வரி தெரிந்தால், அது மின்சாரம் எரித்த கரித்தடம். துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றியே ஆக வேண்டும். பிளக் வயர்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.