தச்சர் செய்த கதவும் ராக் இசையும்



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் என்னை நிறுத்தினார். அவருடைய மகன் நம் பங்கின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து ராக் இசைக்குழு ஒன்றைத் தொடங்கிவிட்டானாம். "சாமி, நீங்க சொன்னா கேப்பான். பாட வேண்டாம்னு சொல்லல. 'கிறிஸ்தவ ராக்'னாவது பேர் வைக்கச் சொல்லுங்க. சொந்தக்காரங்க கேட்டா சொல்லிக்க எனக்கு ஒரு பேர் வேணும்" என்றார். அவசரத்தில் நானும் "சரிம்மா" என்று தலையாட்டிவிட்டேன். மாலையில் பையனிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. "எங்க அப்பா தச்சு வேலை செய்றார் ஃபாதர். அவர் செய்ற கதவை யாரும் கிறிஸ்தவக் கதவுன்னு சொல்றதில்லையே" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றிச் சிந்தித்து வருகிறேன்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர் பலர் இயேசுவிடம் திரும்பினர். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த இசையிலேயே அவரைப் பாடினர். லாரி நார்மன் 1969-இல் வெளியிட்ட 'அப்பான் திஸ் ராக்' இசைத்தட்டை இதன் தொடக்கங்களுள் ஒன்றாகச் சொல்வர். ராக் என்றாலே சாத்தானின் இசை என்று பல சபைகள் ஒதுக்கிய காலம் அது. எனவே 'கிறிஸ்தவ' என்ற அடைமொழி பெற்றோரின் அச்சத்தைப் போக்கும் சான்றிதழ்போல் பயன்பட்டது. பின்னர் தனி நிறுவனங்கள், தனி வானொலிகள், தனிக் கடைகள், தனி விருதுகள் என்று அது வளர்ந்தது. சாட்சியமாகத் தொடங்கிய சொல், இசைத்தட்டைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்று காட்டும் சீட்டாகவும் ஆயிற்று. அந்த அலமாரியில் புகழ்பெற்ற ஏமி கிராண்ட், 1991-இல் 'பேபி பேபி' என்ற பாடலால் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றார். தன் குழந்தையை எண்ணி எழுதத் தொடங்கிய எளிய அன்புப் பாடல் அது. ஆயினும் அவர் உலகத்தோடு சமரசம் செய்துவிட்டார் என்று விசுவாசிகள் சிலரே கடிந்துகொண்டனர். பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டால், தாய் தன் பிள்ளையைக் கொஞ்சுவதும் குற்றமாகிவிடுகிறது!

அயர்லாந்தின் 'யூ2' குழுவின் கதை இதைவிட ஆழமானது. 1976-இல் டப்ளினில் பள்ளி மாணவர்களாகத் தொடங்கிய நால்வர் அவர்கள். பாடகர் போனோவின் தந்தை கத்தோலிக்கர், தாய் அயர்லாந்து திருச்சபையைச் சேர்ந்த புரோட்டஸ்டன்ட். போனோ, கிட்டார் வாசிக்கும் எட்ஜ், டிரம்ஸ் வாசிக்கும் லாரி மல்லன் ஆகிய மூவரும் 'ஷாலோம்' என்ற செபக்குழுவில் தீவிரமாக இருந்தனர். நான்காமவரான ஆடம் கிளேட்டன் அதில் சேரவில்லை. 1981-இல் 'அக்டோபர்' இசைத்தட்டு வெளிவந்த காலத்தில், ராக் இசையும் விசுவாசமும் ஒத்துவராது, ஒன்றை விட்டுவிடுங்கள் என்ற நெருக்கடி அவர்களுக்கு வந்தது. குழுவே கலைந்துவிடும் நிலை. இறுதியில் அவர்கள் செபக்குழுவை விட்டு விலகினர், விசுவாசத்தை விடவில்லை. 1983-இல் வந்த 'வார்' இசைத்தட்டின் கடைசிப் பாடல் 40-ஆம் திருப்பாடலைத் தழுவியது. பல ஆண்டுகள் தங்கள் நிகழ்ச்சிகளை அதனோடுதான் முடித்தார்கள். கோவில் வாசலை மிதிக்காத பல்லாயிரம் பேர், திடலில் நின்று திருப்பாடலைப் பாடிக்கொண்டே வீடு திரும்பினர். அந்த இசைத்தட்டு கிறிஸ்தவ அலமாரியில் மட்டும் அடைபட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஏழை நாடுகளின் கடனை நீக்கக் கோரி 1999-இல் போனோ திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலைச் சந்தித்தார். திருத்தந்தை அவருடைய கறுப்புக் கண்ணாடியை வாங்கி அணிந்து பார்த்தாராம். அவர் தந்த செபமாலையைப் போனோ கழுத்தில் அணிந்துகொண்டார். இதே குழு 2019-இல் நம் ஏ. ஆர். ரகுமானுடன் சேர்ந்து வெளியிட்ட 'அகிம்சா' பாடல் திருக்குறளோடு தொடங்குகிறது. அதற்கு எந்தச் சீட்டை ஒட்டுவது?

'கிறிஸ்தவர்' என்ற பெயரை நம் முன்னோர் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. அந்தியோக்கியாவில்தான் சீடர்கள் முதன்முதலில் அப்பெயரால் அழைக்கப்பட்டனர் (திப 11:26). அது மனிதருக்கு வந்த பெயர். தூய பவுல் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தார் (திப 18:3). அந்தக் கூடாரங்கள் கிறிஸ்தவக் கூடாரங்கள் என்று விற்கப்பட்டதாக எங்கும் இல்லை. மழை ஒழுகாமல் இருந்திருந்தால் சரி. உலகக் காரியங்களுக்கு அவற்றுக்கே உரிய விதிகளும் மதிப்பும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது இதைத்தான். சுருதி தப்பிய பாடலை இயேசுவின் பெயர் காப்பாற்றாது. பாடகர் குழுவினர் மன்னிக்க, நம் கோவிலுக்கும் இது பொருந்தும்.

இதனால் அந்தப் பெயரே தவறு என்று நான் சொல்லவில்லை. 'பெட்ரா' போன்ற குழுக்கள் அதை மனமுவந்து ஏற்றன. நற்செய்தி அறிவிப்பதே தம் பணி என்று பாடுகிறவர்கள் அப்பெயரைத் தாங்குவது முறையே. ஆனால் அதை அவர்கள் தாங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டும்; உறவினரின் வாயை அடைக்க நாம் ஒட்டக்கூடாது. இன்னொன்று: பாடுகிறவர் விசுவாசி என்பதாலேயே அவர் பாடல் திருப்பலிக்கு உரியதாகிவிடாது. திருவழிபாட்டு இசைக்குச் சங்கம் தனி அளவுகோல் வைத்திருக்கிறது. அது வழிபாட்டுச் செயலோடு எவ்வளவு நெருங்கி இணைகிறதோ அவ்வளவுக்குப் புனிதமானது. இளைஞர் என்னிடம் கேட்கும் சில பாடல்களை நான் மறுப்பது இதனால்தான். அவை கெட்ட பாடல்கள் என்பதால் அல்ல.

இதில் பெரியவர்களுக்குள்ளும் ஒத்த கருத்து இருந்ததில்லை. 1997-இல் பொலோஞ்ஞா நற்கருணை மாநாட்டில் யூதராகப் பிறந்த பாப் டிலன் திருத்தந்தையின் முன் பாடினார். அவருடைய பாடலில் வரும் காற்றைத் தூய ஆவியின் மூச்சாக விளக்கி இளைஞருக்கு உரையாற்றினார் திருத்தந்தை. ஆனால் அந்த அழைப்பைப் பற்றித் தமக்கு ஐயம் இருந்ததாகப் பதினாறாம் பெனடிக்ட் பின்னாளில் எழுதினார்.

அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. "அப்ப சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது சாமி?" என்றார். "பையன் பாட்டுக்காரன், ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவான்னு சொல்லுங்கம்மா" என்றேன். சென்ற ஞாயிறு அவன் வந்திருந்தான். முந்தின இரவு நிகழ்ச்சி முடிய நெடுநேரம் ஆகிவிட்டதாம். என் மறையுரை முழுவதும் தூங்கினான். காணிக்கைப் பாடலுக்குக் கிட்டாரை எடுத்துக்கொண்டான்.